இருபது வெள்ளி

நியூசிலாந்தின் புக்கெகோஹி ஊரில், வெங்காயம் தரம் பிரிக்கிற அந்தக் கொட்டகையில் உழைப்புக்கு இரண்டு விதமான கூலி இருந்தது. வாரநாள் வேலைக்கு வங்கியில் டொலர் விழும். சனிக்கிழமை காலையில் இயந்திரங்களைக் கழுவிக் கூட்டித் துடைக்கிற வேலைக்கும், வாரநாளில் நேரம் கூட நின்றாலும் பச்சை மட்டை கிடைக்கும். விளையாட்டுச் சீட்டின் அளவு அட்டை. முன்பக்கத்தில் ஒரு நட்சத்திரம், பின்பக்கத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்து. ஒரு மட்டை ஒரு டொலர் பெறும் என்பது பேச்சு. ஆனால் கொட்டகை வாசலில் முதலாளி நடத்திய சின்னக் கடையைத் தாண்டினால் அது வெறும் மட்டைதான். அந்தக் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம், ரப்பர் கையுறை, சந்தைக்குப் போகாத இரண்டாம் தர வெங்காயம் எல்லாம் இருந்தன. சூப்பர்மார்க்கெட்டைவிட எல்லாமே கொஞ்சம் விலை கூட.

முதலாளி அந்த மட்டையை 'ஸ்டார்' என்றார். அதற்கு 'வெள்ளி' என்று பெயர் வைத்தவள் அங்கே வேலை செய்த நிருஜா. யாழ்ப்பாணத்தில் வானத்து நட்சத்திரத்தை வெள்ளி என்பார்கள். முதல் மட்டையைக் கையில் வாங்கிய அன்று, "இஞ்சை பாருங்கோ, பச்சை வானத்திலை வெள்ளி பூத்திருக்கு" என்று புருஷனிடம் காட்டிச் சிரித்தாள். கொட்டகையில் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் ஏழெட்டுப் பேரின் வாயிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மட்டையின் பின்னால் கையெழுத்துப் போடுகிற மேற்பார்வையாளர் யசீகரன்தான், நிருஜாவின் புருஷன். அவனுடைய வேலை விசா அந்தக் கொட்டகையின் பெயரில் இருந்தது. நிருஜாவின் விசாவும் மகள் ராகவியின் விசாவும் அவனுடைய விசாவில் தொங்கின. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டு ஏழு மாதமாகியிருந்தது. இந்த நேரத்தில் யசீகரனுக்கு வேலை போனால் மூவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பதினொரு வயது ராகவிக்குக்கூட.

இப்படியிருக்கத்தான் சுரேகா வந்து சேர்ந்தாள்.

சுரேகா மலேசியத் தமிழ்ப் பெண். முப்பது வயது, ஈப்போ பக்கம். புருஷன் பேர்த் நகரத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டான் என்று கேள்வி. ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். யசீகரன் காலை ஐந்து மணிக்கு பிளாக்ஹவுஸ் பேயில் இருந்து கொட்டகையின் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு புறப்படுவான். முன் இருக்கையில் நிருஜா இருப்பாள். ஹில்ஸ்பரோவில் சுரேகா ஏறுவாள். மூன்றாம் நாளே அவள் நெடுஞ்சாலையில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓங்காளித்தாள்.

"பின்னாடி உக்காந்தா தலை சுத்துதுக்கா. சின்னதுலேருந்தே இப்படித்தான்."

யசீகரன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்: "நீர் முன்னுக்கு வாரும். நிருஜா பின்னுக்கு இருப்பா."

நிருஜாவுக்கு இருக்கை போனதுகூடப் பெரிதில்லை. 'நீர்' என்ற சொல்தான் குத்தியது. கலியாணமாகிப் பதின்மூன்று வருஷமாக அவன் அவளை 'நீர்' என்றுதான் கூப்பிடுகிறான். மற்றப் பெண்களை 'நீங்கள்' என்பான், சின்னப் பிள்ளைகளை 'நீ' என்பான். இடையில் இருந்த அந்த ஒரு சொல் தனக்கென்று வைத்தது என்றே அவள் நினைத்திருந்தாள். அதை அவன் வானுக்குள் வைத்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, அந்தப் பெண்ணுக்கும் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள் பின் இருக்கையில் இருந்து பார்த்த பிடரிகள் இரண்டு. அவனுடையது ஒன்று, தைலம் மணக்கிற சுரேகாவுடையது ஒன்று. ஒரு வாரம் கழித்து வானின் முன்தட்டில் இஞ்சி மிட்டாய் டப்பா ஒன்று முளைத்தது.

"ஆருக்கு இது?" என்றாள் நிருஜா.

"ஆருக்கெண்டாலும். சத்தியெடுத்தா வானை நான்தானே கழுவோணும்."

பதில் சரியான பதில்தான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமைகள் இன்னும் மோசம். ராகவியைத் தமிழ்ப் பள்ளிக்கும் பிறகு நடன வகுப்புக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதால் நிருஜா சனிக்கிழமை வேலைக்குப் போவதில்லை. மற்றவர்கள் தங்கள் கார்களில் போய்விடுவார்கள். ஆக வானில் யசீகரனும் சுரேகாவும் மட்டும். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம். தமிழ்ப் பள்ளி வாசலில் மற்றத் தாய்மார் கதைத்துக்கொண்டிருக்க, நிருஜா மனதுக்குள் வானை ஓட்டிக்கொண்டிருப்பாள். இப்போது ட்ரூரி தாண்டியிருப்பார்கள். இப்போது அவள் மிட்டாயை எடுத்திருப்பாள். இப்போது அவன் ஏதோ சொல்ல அவள் சிரித்திருப்பாள்.

மத்தியானம் யசீகரன் அரிசிப் பையும் பருப்பும் எண்ணெயுமாகத் திரும்பி வருவான். "மேற்பார்வை எண்டபடியால் எனக்குக் கூட வெள்ளி தருவினம்" என்பான். வீட்டுச் சாமான் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. அதை நிருஜா கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வீரையாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரும் மலேசியாக்காரர், வதிவிட உரிமை வாங்கி முப்பது வருஷம். எவருக்கும் பயமில்லாத வாய். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் பச்சை மட்டை ஒன்றை மேசையில் சுண்டி விளையாடிக்கொண்டே சொன்னார்:

"எங்க தாத்தா மலாயாவுல கரிச்சொரங்கத்துல வேலை பார்த்தாரு. சம்பளம்னு தகரத் துண்டு குடுப்பானுங்களாம். நடுவுல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். சொரங்கத்துக்காரன் கடையில குடுத்தா அரிசி, மண்ணெண்ணெய். பஸ்ஸுக்காரன்கிட்ட நீட்டினா மொறைப்பான். எம்பது வருசம் கழிச்சுப் பேரன் நியூசிலாந்துக்கு வந்து என்னா வாங்குறான்? அட்டை! தகரமாச்சும் தூக்கிப் போட்டா சத்தம் வரும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். சுரேகா மட்டும் சிரிக்கவில்லை. வீரையா நிருஜாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏம்மா கவலைப்படுறீங்க? நீங்க பேங்க் மேனேஜர் சம்சாரம்!"

"ஆர் பேங்க் மேனேஜர்?"

"சும்மா சொன்னேன்மா. டீ ஆறுது, குடிங்க."

சுரேகா சட்டென்று எழுந்து கோப்பையைக் கழுவப் போனதை நிருஜா பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தத் தொலைபேசிப் பேச்சு. பெண்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் இரும்பு அலுமாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் இந்தப் பக்கம் நிருஜா குனிந்து சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுரேகா தன் தாயோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, சமாளிச்சுக்கிறேன். யசீ அண்ணே இருக்காருல்ல. வாராவாரம் இருபது வெள்ளி கையில குடுத்துடுறாரு... ஆமாம்மா, இருபது வெள்ளி... அவங்க மிஸ்ஸஸுக்குத் தெரியாது. சொல்லிக்க வேணாம்னு சொல்லிருக்காரு. எனக்குத்தான் பயமா இருக்கு. நல்ல மனுசன்மா."

நிருஜா சப்பாத்து நாடாவைக் கட்டாமலே இருந்தாள். இருபது வெள்ளி! சனிக்கிழமை வேலைக்கு ஆளுக்கு இருபத்தைந்து வெள்ளி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதுக்கு மேலே இன்னும் இருபது, இவன் கையெழுத்துப் போட்டு, இவன் கையால், பெண்சாதிக்குத் தெரியாமல். தனக்கு எப்போதாவது வாரநாளில் கூட நின்றால் மூன்றோ நாலோ வரும். அதையும் அவன் எல்லோருக்கும் முன்னால், கணக்குப் பார்த்து, மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே எண்ணிக் கொடுப்பான். நேர்மையாம்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் சுரேகாவைக் கவனித்தாள். சுரேகா கடைக்குப் போனால் ஒரு சவர்க்காரம், ஒரு பிஸ்கட் பெட்டி. அவ்வளவுதான். அப்படியென்றால் மிச்ச வெள்ளியெல்லாம் எங்கே? சேர்த்து வைக்கிறாள். எதற்கு? கடையின் மேல்தட்டில் மின்னடுப்பு ஒன்றும் மெத்தை விரிப்பு ஒன்றும் இருந்தன. மெத்தை விரிப்பைப் பார்த்ததும் நிருஜாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மெத்தை விரிப்பு வாங்கச் சேர்க்கிறாள் என்று தானே ஒரு கதையைக் கட்டி, தானே அதை நம்பி, இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன, உமக்குச் சுகமில்லையோ?" என்றான் யசீகரன்.

"எனக்கென்ன? நான் வாகனத்திலை சத்தியெடுக்கிற ஆளில்லை."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத முகத்தோடு அவளுடைய மிச்சச் சோற்றையும் அவனே சாப்பிட்டான்.

சாப்பாட்டறை வாசலில் ஒரு யோசனைப் பெட்டி இருந்தது. பெயர் போடாமல் எதையும் எழுதிப் போடலாம் என்று அதன்மேல் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நிருஜா ராகவியின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள்.

"ராகவி, ஒரு ஆளுக்கு மட்டும் கூடக் குடுக்கிறதை இங்கிலீசிலை என்னெண்டு சொல்லுறது?"

"ஃபேவரிட்டிசம்" என்றாள் ராகவி, கைபேசியில் இருந்து தலை தூக்காமல். "வை, அம்மா?"

"வேலைக்கு. எழுத்துக்கூட்டிச் சொல்லு."

மகள் எழுத்துக்கூட்ட, தாய் எழுதினாள். மேற்பார்வையாளர் ஒரு பெண்ணுக்கு மட்டும் வாரம் இருபது ஸ்டார் கூடுதலாகக் கொடுக்கிறார், இது சரியில்லை. மூன்று வரி. சுரேகாவின் பெயரை எழுதவில்லை. தன் கையால் அந்தப் பெயரை எழுத அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை பெட்டிக்குள் தாளைப் போட்டாள். முதலாளி கூப்பிட்டுக் கண்டிப்பார், இவன் வெட்கப்படுவான், அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் மட்டை நின்றுபோகும். அவள் போட்ட கணக்கு இதுதான்.

வியாழன் பின்னேரம் யசீகரன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக் கதிரையில் இருந்தான். வெயில் இன்னும் வேலியில் நின்றது. ராகவி பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு முற்றத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம், நான் ஒரு பொம்பிளைக்குக் கூட வெள்ளி குடுக்கிறனாம். முதலாளி புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். நான் குடுத்ததிலை ஒரு பிழையும் இல்லை. பிறகு கடைக் கணக்கைப் பார்த்தார். அதிலை பிடிபட்டுப் போனன்."

"என்னத்திலை?"

"எனக்கு வாறது வாரம் இருபத்தைஞ்சு. நான் கடையிலை செலவழிக்கிறது நாற்பத்தைஞ்சு. கையெழுத்துப் போடுறவன் நான். அப்ப நானே எனக்குக் கள்ள மட்டை அடிக்கிறன் எண்டுதானே நினைப்பார்? நாளைக்குப் பத்து மணிக்குள்ளை விளக்கம் சொல்லோணும். இல்லாட்டி வேலை இல்லை."

நிருஜா அடுப்பை அணைத்தாள். "மேற்பார்வைக்குக் கூடத் தருவினம் எண்டியள்?"

"பொய் சொன்னனான்." அவன் மேசையைப் பார்த்தான். "மிச்ச இருபதும் சுரேகாவின்ரை. அவளிட்டை வாங்கிறனான்."

"அவளுக்கு நீங்கள் குடுக்கிறியள் எண்டெல்லோ..." அவள் நாக்கைக் கடித்தாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "இருபது வெள்ளி குடுக்கிறியள் எண்டு அவளே தாயிட்டைச் சொன்னவள். என்ரை காதாலை கேட்டனான்!"

"வெள்ளியோ?" யசீகரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மலேசியாக்காரருக்கு வெள்ளி எண்டா காசு. டொலர். அவளுக்கு நான் குடுக்கிறது இருபது டொலர் நோட்டு, அவள் எனக்குத் தாறது இருபது மட்டை. வீட்டுக்காரன் வாடகைக்கு மட்டை எடுப்பானோ? தாய்க்கு மருந்துக்கு மட்டை அனுப்பலாமோ? எங்களுக்கு எப்பிடியும் அரிசி பருப்பு வேணும்தானே. ஒண்டுக்கு ஒண்டு. எங்களுக்கு நட்டமில்லை."

வெள்ளி. அவள் பெயர் வைத்த வெள்ளி வேறு, அந்தப் பெண்ணின் வாயில் இருந்த வெள்ளி வேறு. நிருஜாவுக்கு ஒரு கணம் நிம்மதி வரத்தான் பார்த்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு மற்றது வந்தது. இத்தனை நாளும் அவள் வீட்டுப் பானையில் வெந்தது சுரேகாவின் அரிசி. கோயிலில் பெருமை பேசியது சுரேகாவின் பருப்பைப் பற்றி.

"அப்ப அவளுக்குக் காசு, எனக்கு மட்டை" என்றாள்.

"அரிசியாத்தானே கொண்டு வந்தனான், நிருஜா."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் விட்டிருப்பீரோ? வானிலை முன்னுக்கு இருத்தினதுக்கே நாலு மாசமா என்னோடை முகம் பார்த்துக் கதைக்கேல்லை."

நிருஜா அடுப்படித் துணியை மடித்து வைத்தாள்.

"சரி. நாளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. அவளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்."

"மட்டையைக் கைமாத்தக் கூடாது எண்டு சட்டம் போட்டிருக்கினம். அவளின்ரை பேரைச் சொன்னா அவளுக்கு வேலை போகும். அவளின்ரை விசாவும் கொட்டகையோடைதான். நான் அவளின்ரை பேரைச் சொல்ல மாட்டன்."

"அப்ப எங்கடை விசா?"

அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

இவ்வளவு நாளும் அவள் கட்டிய கதையில்கூட அவன் அந்தப் பெண்ணுக்காக இவ்வளவு செய்ததில்லை. மெத்தை விரிப்பெல்லாம் ஒரு பொருட்டா? இதோ, பெண்சாதி பிள்ளையையும் சேர்த்துத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் இருக்கிறவளின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறான். கடிதம் போட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கோபம் பாதி, பயம் பாதி.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் வெங்காயம் ஓடுகிற பட்டையை விட்டிறங்கி, கையுறையைக் கழற்றி, முதலாளியின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே யசீகரன் ஏற்கெனவே நின்றான். நிற்கிற நிலையிலேயே அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து வைத்தாள். அந்தக் கடிதத்தை எழுதியது நான். நான் அவருடைய மனைவி. ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டுவிட்டேன். என் கணவர் களவு எடுக்கவில்லை. எங்கள் காசைக் கொடுத்து ஒருவரிடம் ஸ்டார் வாங்கினார். அந்த ஆளுக்கு வாடகை கட்டக் காசு வேண்டும். உங்கள் ஸ்டாரில் வாடகை கட்ட முடியாது.

யசீகரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். 'எழுதியது நான்' என்ற இடத்தில் பார்த்தவன் பிறகு கண்ணை எடுக்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"யார் அந்த ஆள்?" என்றார் முதலாளி.

கண்ணாடிக்கு அப்பால் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. சுரேகா அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்கும்போதும் கண் இந்த அறையில்தான் இருந்தது. பெயர் நிருஜாவின் நாக்கு நுனியில் நின்றது. மூன்று எழுத்து. சொன்னால் நாளை முதல் அவள் இல்லை. ஆனால் அனுப்பப்பட்டவளை யசீகரன் மறப்பானா? என்னால் போனாள், என் பெண்சாதியால் போனாள் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பான். பக்கத்து இருக்கையில் இருப்பவளை ஒரு நாள் இறக்கலாம். நினைப்பில் ஏறி உட்கார்ந்தவளை எப்படி இறக்குவது?

"பெயரைச் சொல்ல மாட்டேன்" என்றாள் நிருஜா. மற்றதை எழுதிக் கொடுத்தால் சொல் தடுமாறாது என்று அவளுக்குப் பட்டது. "வேண்டுமென்றால் மற்றதெல்லாம் வடிவாக எழுதித் தருகிறேன். யார் யார் சனிக்கிழமை வேலை செய்கிறார்கள், எத்தனை மணித்தியாலம், அதற்குக் காசா ஸ்டாரா, எல்லாம் எழுதலாம். என் மகள் இங்கிலீசு திருத்துவாள். யாருக்கு அனுப்ப வேண்டும்? எந்த முகவரி?"

அவள் உண்மையாகவே முகவரிதான் கேட்டாள். உங்களுக்கா, மேலே வேறு யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி. ஆனால் கூலிக்குப் பதில் மட்டை கொடுப்பது சட்டவிரோதம் என்று தெரிந்த முதலாளி, அரசாங்கத்துக்கு எழுதப் போகிறாள் என்று நினைத்து முகம் மாறினார். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். பிறகு, எவருக்கும் எதுவும் எழுத வேண்டாம் என்றார். தவறான புரிதல் எல்லா இடத்திலும் நடக்கும் என்றார். யசீகரன் நல்ல வேலைக்காரன் என்று எப்போதும் தெரியும் என்றார். மட்டைகளை நீங்கள் உங்களுக்குள் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தான் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அந்த மூன்று வரிக் கடிதத்தை அவள் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெளியே வந்ததும் யசீகரன் நின்றான். ஃபோர்க்லிஃப்ட்டின் சத்தத்தில் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீரோ எழுதினது?"

"ஓம்."

"எங்கடை மூண்டு பேரின்ரை விசாவையும் பெட்டிக்குள்ளை போட்டிருக்கிறீர்."

"ஓம். போட்டனான்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அவளுக்கு நீங்கள் குடுக்கிறது எனக்குத் தாங்கேல்லை. வெள்ளியெண்டாலும் தாங்கேல்லை, டொலரெண்டாலும் தாங்கேல்லை. இப்பவும்தான்."

திட்டுவான் என்று நினைத்தாள். அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"பின்னேரம் கதைப்பம்" என்றான். "இப்ப வேலையைப் பாரும்."

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சுரேகா ஓடிவந்தாள். வீரையா எப்படியோ மோப்பம் பிடித்து அவளிடம் சொல்லியிருந்தார். அவள் நிருஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எனக்காகப் பேசினீங்களாம்."

"உனக்காகக் கதைக்கேல்லை."

"இல்லக்கா, பேரச் சொல்லாம..."

"உனக்காக இல்லை எண்டு சொன்னனான்." நிருஜா கையை இழுத்துக்கொண்டாள். "சனிக்கிழமை மட்டை எத்தினை மிச்சம்?"

சுரேகா விழித்தாள். "இருபது. போன வாரத்தது இன்னும் குடுக்கல. வேணாங்க்கா, இனிமே அண்ணேகிட்ட குடுக்க மாட்டேன். நான் எப்படியாச்சும்..."

நிருஜா கைப்பையைத் திறந்தாள். இருபது டொலர் நோட்டு ஒன்றை எடுத்து நாலாக மடித்தாள். மடிப்பை நகத்தால் அழுத்தினாள்.

"இந்தா. மட்டையை இஞ்சை வை."

"அக்கா, நீங்க எதுக்கு... வானுல வரும்போது அண்ணேகிட்டயே..."

"என்னட்டைத்தான் தரோணும். வாரா வாரம். என்னட்டை மட்டும்" என்றாள் நிருஜா, நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களைத் தானே மூடிவிட்டு. "அவரிட்டை ஒரு மட்டை போனது எண்டு அறிஞ்சன் எண்டால், அண்டைக்கு நான் எழுதுவன். பேர் போட்டு."